தமிழ்க் கிறித்தவப் புனைகதை

தமிழ்க் கிறித்தவப் புனைகதை என்பது கிறித்தவ நம்பிக்கையை, கிறித்தவ மக்களின் வாழ்க்கையை அல்லது கிறித்தவ வரலாற்றைக் கருப்பொருளாகக் கொண்டு தமிழில் எழுதப்பட்ட புதினங்கள், கதைகள், கதைத்தன்மை கொண்ட நாடகங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழரின் வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சில புதினங்களும் இதனோடு சேர்த்து ஆராயப்படுவதுண்டு.

ஆங்கில நூற்சந்தையில், குறிப்பாக அமெரிக்காவில், கிறித்தவப் புனைகதை தனியொரு விற்பனைப் பிரிவாக வளர்ந்துள்ளது. சமகாலக் கதை, வரலாற்றுக் காதல் கதை, மர்மக் கதை என்னும் உட்பிரிவுகளும் அதில் உண்டு. தமிழில் இத்தகைய தனிச்சந்தை பெரிதாக உருவாகவில்லை. எனினும் இம்மூன்று வகைகளுக்கும் உரிய ஆக்கங்கள் தமிழில் உள்ளன. அவை பொதுத் தமிழிலக்கியத்தின் பகுதியாகவே எழுதப்பட்டும் வாசிக்கப்பட்டும் வந்துள்ளன. தமிழின் முதற் புதினத்தை எழுதியவர் காவிரிக் கழிமுகக் கரையோரத்தில் நீதிமன்றப் பணியாற்றிய ஒரு கத்தோலிக்கர் என்பது குறிப்பிடத்தக்கது.

வரைவிலக்கணம்

எது கிறித்தவப் புனைகதை என்பதில் ஒத்த கருத்து இல்லை. பொதுவாக மூன்று அளவுகோல்கள் பயன்படுத்தப்படுகின்றன.

1. நோக்கம்: வாசகரின் இறைநம்பிக்கையை வளர்க்கும் நோக்குடன் எழுதப்பட்ட கதைகள்.
2. களம்: கிறித்தவக் குடும்பங்கள், ஊர்கள், திருச்சபைகள் ஆகியவற்றில் நிகழும் கதைகள். இவற்றை எழுதியவர் கிறித்தவராக இருக்க வேண்டியதில்லை.
3. ஆசிரியர்: கிறித்தவர் எழுதிய கதைகள்.

இம்மூன்றும் ஒரே நூலில் சேர்ந்து வருவது தமிழில் குறைவு. பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் கிறித்தவர். கதைமாந்தர் கிறித்தவர் அல்லர். கிளாரிந்தா என்னும் ஆங்கிலப் புதினத்தின் தலைவி கிறித்தவப் பெண். அதன் ஆசிரியர் கிறித்தவர் அல்லர். பாமாவின் கருக்கு கிறித்தவ வாழ்க்கையைச் சொல்கிறது. ஆனால் திருச்சபை நிறுவனங்களைக் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்துகிறது. எனவே ஓர் அளவுகோலை மட்டும் கொண்டால் முக்கியமான நூல்கள் விடுபட்டுப் போகும்.

உலகப் பின்னணி

ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயண உருவகக் கதையின் முதற் பகுதி 1678 இல் இங்கிலாந்தில் வெளியானது. கிறித்தவப் புனைகதைக்கு முன்னோடியாகக் கருதப்படும் இந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் லூ வாலசின் பென்-ஹர் (1880), போலந்து எழுத்தாளர் சியென்கீவிச்சின் குவோ வாடிஸ் (1896) ஆகியவை உரோமப் பேரரசுக் காலத்தைக் களமாகக் கொண்டு, வரலாறும் காதலும் கலந்த கதைக்கு வழிவகுத்தன. 1911 இல் ஜி. கே. செஸ்டர்டனின் பிரவுன் பாதிரியார் கதைகளின் முதல் தொகுதி வெளிவந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித மனத்தின் இருளை அறிந்த ஒரு குருவானவர் குற்றங்களைத் துலக்குவது இக்கதைகளின் அமைப்பு ஆகும்.

இன்றைய விற்பனைப் பிரிவின் தொடக்கமாக, கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் 1979 இல் வெளியிட்ட வரலாற்றுக் காதல் புதினம் சுட்டப்படுகிறது. ஃபிராங்க் பெரெட்டி 1986 இல் வெளியிட்ட புதினம் பரபரப்புக் கதைகளுக்கு வாசகரைத் திரட்டியது. டிம் லஹே, ஜெரி ஜென்கின்சு இருவரும் உலக முடிவு பற்றி எழுதிய தொடர் 1995 முதல் 2007 வரை 16 தொகுதிகளாக வந்தது. இச்சந்தைக்கெனச் சில எழுதாத விதிகள் உள்ளன. இழிசொற்களும் பாலியல் விவரிப்பும் தவிர்க்கப்படும். முடிவில் நம்பிக்கை வெல்லும். வாசகர் அந்த உறுதியை எதிர்பார்த்தே நூலை வாங்குகிறார்.

காரைக்காலும் கழிமுகக் கரையோரமும்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு மாவட்டங்களுள் ஒன்று. நிலப்பக்கம் தமிழ்நாட்டால் சூழப்பட்ட இப்பகுதி 1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1954 இல் நடைமுறையிலும் 1962 இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. காரைக்கால் அம்மையார் பிறந்த ஊராகச் சைவ மரபில் போற்றப்படுவதும் இதுவே.

காரைக்காலுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் தரங்கம்பாடி உள்ளது. அது 1620 முதல் 1845 வரை டேனியர் குடியேற்றமாக இருந்தது. தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தரிடம் இருந்தது. அதற்கும் தெற்கே வேளாங்கண்ணி அமைந்துள்ளது. ஒரு நாள் நடைக்குள் அடங்கும் இந்தக் கடற்கரையில் சீர்திருத்தத் திருச்சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் அருகருகே வளர்ந்தன. ஆட்சி எல்லையின் சுவடு திருச்சபை அமைப்பில் இன்றும் காணப்படுகிறது. காரைக்கால் கத்தோலிக்கர் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சுற்றியுள்ள தமிழ்நாட்டுப் பகுதிகள் தஞ்சாவூர் மறைமாவட்டத்தில் அடங்கும்.

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் தமிழ் கற்றார். 1712 இல் அச்சுப்பொறி வந்தது. 1715 இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. செய்யுளே இலக்கிய வடிவமாக இருந்த காலத்தில், உரைநடையை அச்சிட்டுப் பொதுமக்களிடம் கொண்டு செல்லும் பழக்கம் இங்கு வேரூன்றியது. புதினம் என்னும் வடிவம் தோன்ற இது ஒரு முன்தேவையாகும்.

தரங்கம்பாடியாரோடு சமய வாதம் புரிந்தவர் இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747). கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய இவர், அவர்களை மறுத்துப் பேதகம் மறுத்தல் என்னும் நூலை எழுதினார். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி காப்பியமும் இவருடையதே. ஆனால் இவர் எழுதிய உரைநடைக் கதையான பரமார்த்த குருவின் கதையில் சமய போதனை இல்லை. அறிவிலியான ஒரு குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் படும் பாட்டை நகைச்சுவையாகக் கூறுவது அது. பெஞ்சமின் பாபிங்டன் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822 இல் இலண்டனில் அச்சிட்டார். சமயத்தைச் செய்யுளில் பாடுவதும், உரைநடைக் கதையைப் பொதுவாக வைத்துக்கொள்வதும் பின்னர் வந்த வேதநாயகம் பிள்ளையிடமும் காணப்படுகின்றன.

முதற் புதினமும் சமயமும்

மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய இடங்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து 1862 இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் தமிழில் வெளியிட்டார். நீதிநூல் (1859), சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் (1878) முதலியவையும் இவருடைய படைப்புகள்.

1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதற் புதினமாகும். தமிழில் உரைநடைக் கதைநூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே தம் நோக்கம் என ஆசிரியர் கருதினார். கதைத்தலைவன் பிரதாப முதலியாரும் அவன் மனைவி ஞானாம்பாளும் பிரிந்து, பல இடர்களுக்குப் பின் சேர்கின்றனர். ஆணுடை அணிந்த ஞானாம்பாள் விக்கிரமபுரியின் அரசாட்சியை ஏற்று நடத்துவது கதையின் புகழ்பெற்ற பகுதி. இறைவன் ஒருவனே, அறம் இறுதியில் வெல்லும் என்ற எண்ணங்கள் நூல் முழுவதும் உள்ளன. ஆனால் தேவாலயமோ, கிறித்தவக் குடும்பமோ கதையில் மையமான இடம் பெறவில்லை. 1887 இல் வெளியான சுகுணசுந்தரியும் இதே போக்கில் அமைந்தது. குழந்தை மணத்தின் தீமை அதில் எடுத்துரைக்கப்படுகிறது.

வேதநாயகம் பிள்ளை எல்லாச் சமயத்தாரும் படிக்கும் நூலை எழுத விரும்பினார் என்பதை அவருடைய சமரசக் கீர்த்தனைகள் உணர்த்துகின்றன. இதன் பயனாகத் தமிழ்ப் புதினம் ஒரு சமயத்துக்கு உரியதாகச் சுருங்காமல் தொடங்கியது. அதே வேளையில், அவர் நன்கறிந்த கரையோரக் கிறித்தவர் வாழ்க்கை அவருடைய புதினங்களில் பதிவாகாமல் போயிற்று.

இக்காலத்திலேயே நெல்லைப் பகுதியில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) பனியனின் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் (1894) என்னும் காப்பியத்தைப் பாடினார். கதைப்பொருள் புனைகதையிலிருந்து வந்தபோதும், அவர் தேர்ந்த வடிவம் செய்யுளே.

வகைகள்

சமகால வாழ்க்கை

கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894) ஆங்கிலத்தில் எழுதிய சகுணா, இந்தியக் கிறித்தவப் பெண் ஒருத்தியின் கல்வி வேட்கையைக் கூறும் தன்வரலாற்றுப் பாங்கான புதினம். இது 1887–88 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. ஆசிரியர் அகமதுநகரில் மதம் மாறிய பிராமணக் குடும்பத்தில் பிறந்து, தமிழரை மணந்து சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 1914 இல் வெளியிட்ட நொறுங்குண்ட இருதயம், ஈழத்துப் பெண் எழுத்தாளர்களின் முதற் புதினங்களுள் ஒன்று. தலைப்பு விவிலியத்தின் 51 ஆம் சங்கீதத்தை நினைவூட்டுவது. குடும்ப வாழ்வில் பெண் படும் துன்பத்தையும், அதைத் தாங்கும் கிறித்தவ நம்பிக்கையையும் இது பேசுகிறது. நோக்கம், களம், ஆசிரியர் ஆகிய மூன்று அளவுகோல்களும் பொருந்தும் அரிய எடுத்துக்காட்டு இது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964) குமரிப் பகுதியின் பனைவிளை என்னும் ஊரில் நிகழ்கிறது. பழம்பெருமை பேசும் வீட்டில் அடைந்து கிடக்கும் லிசி, பனையேறியின் மகன் தங்கராசை விரும்புகிறாள். இருவரும் கிறித்தவர்கள். அவர்களுக்கிடையே நிற்பது சமயம் அன்று, குடும்பப் பெருமையும் தொழில் வேற்றுமையுமே. வண்ணநிலவனின் கடல்புரத்தில் (1977) மணப்பாடு மீனவர் குடும்பம் ஒன்றின் கதை. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் இடையே எழும் பகையின் நடுவே, குரூசு மைக்கேல் தன் படகையும், அவர் மகள் பிலோமி தன் காதலையும் காக்க முயல்கின்றனர். அதே ஆசிரியரின் ரெயினீஸ் ஐயர் தெரு (1981) பாளையங்கோட்டைக் கிறித்தவர் தெரு ஒன்றைக் காட்டுகிறது.

1990களுக்குப் பின் தலித் கிறித்தவர் வாழ்க்கை முதன்மை பெற்றது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி வேற்றுமையைக் கண்டு வெளியேறிய பெண்ணின் அனுபவத்தைப் பாமாவின் கருக்கு (1992) கூறுகிறது. இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994) தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்னும் கிறித்தவப் பெண்ணைப் பற்றியது. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ராஜ் கௌதமன் (1950–2024) சிலுவைராஜ் சரித்திரம் (2002), காலச்சுமை (2003) ஆகிய தன்வரலாற்றுப் புதினங்களை எழுதினார். தலைப்பில் உள்ள 'சரித்திரம்' என்னும் சொல், 19 ஆம் நூற்றாண்டுப் புதினங்களை எள்ளலோடு நினைவூட்டுகிறது.

இப்புதினங்கள் பேசும் சிக்கல் பழமையானது. புதுச்சேரித் தேவாலயத்தினுள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1745 இல் அகற்றப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. நாட்குறிப்பில் இருந்த இந்தச் செய்தி தமிழ்ப் புனைகதையில் உரிய இடம் பெற ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின.

வரலாறும் காதலும்

ஈழத்தின் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி 1891 இல் வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, இலங்கையின் தொடக்ககாலத் தமிழ்ப் புதினங்களுள் ஒன்று. பிரிக்கப்பட்ட இரட்டையரில் ஒருவன் காட்டில் கரடியால் வளர்க்கப்படுகிறான். மற்றவன் அரண்மனையில் வளர்கிறான். ஐரோப்பாவின் இடைக்கால வீரக்கதை ஒன்றின் தழுவலான இதில் கிறித்தவ நம்பிக்கை கதையோடு இணைந்து வருகிறது.

அ. மாதவையா (1872–1925) 1915 இல் ஆங்கிலத்தில் எழுதிய கிளாரிந்தா, தஞ்சாவூர் வட்டாரத்தோடு தொடர்புடைய உண்மைப் பெண் ஒருவரின் கதையை அடிப்படையாகக் கொண்டது. மராட்டியப் பிராமண விதவையான அவர், லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார். 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்து பணியைத் தொடங்கிய சுவார்ட்சு ஐயரிடம் அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த அதிகாரியோடு முறைப்படி மணம் ஆகவில்லை என்பதால் அது மறுக்கப்பட்டது. அதிகாரி இறந்த பின் 1778 இல் சுவார்ட்சு அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். பாளையங்கோட்டையில் அவர் எழுப்பிய தேவாலயம் 1785 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விதவையின் துயர், காதல், மதமாற்றம், சபையின் ஒழுங்கு ஆகிய நான்கும் மோதும் இக்கதையை ஓர் இந்து எழுத்தாளர் பரிவோடு எழுதியுள்ளார்.

பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய வரலாற்றுப் புதினங்கள் 18 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புதுச்சேரியைக் களமாகக் கொண்டவை. பின்னது 1995 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. இவை கிறித்தவப் புனைகதைகள் அல்ல. எனினும் குருமார், ஆளுநர், வணிகர், மதம் மாறியோர் ஆகியோருக்கிடையிலான உறவுகளை அறிய உதவுவதால் இங்குச் சுட்டத்தக்கவை. ஜோ டி குருஸ் எழுதிய கொற்கை (2009) தூத்துக்குடிப் பரதவரின் 20 ஆம் நூற்றாண்டு வரலாற்றைச் சொல்கிறது. இதற்கு 2013 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

மர்மமும் பரபரப்பும்

பிரவுன் பாதிரியாரைப் போன்ற துப்பறியும் குருவானவர் தமிழில் நிலைபெறவில்லை. கிறித்தவப் பின்னணியிலான பரபரப்புக் கதை தமிழரை அடைந்த வழி மேடையும் திரைப்படமும் ஆகும். ஞானசௌந்தரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டில் கைகள் வெட்டப்பட்ட பெண்ணை இளவரசன் மணக்கிறான். போலிக் கடிதங்களால் அவள் மீண்டும் துரத்தப்படுகிறாள். இறுதியில் தேவமாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறுகிறாள். கைகளற்ற கன்னி என்னும் இந்த ஐரோப்பிய நாட்டார் கதையின் ஒரு வடிவம் கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் உண்டு. 1948 இல் இக்கதை தமிழில் இரு நிறுவனங்களால் தனித்தனியே படமாக்கப்பட்டது. சிட்டாடல் நிறுவனத்தின் படம் பெருவெற்றி பெற்றது. ஜெமினியின் படம் வரவேற்புப் பெறவில்லை. அடுத்து என்ன நேரும் என்னும் பதைப்பே இக்கதையை நகர்த்துகிறது. ஆனால் முடிச்சை அவிழ்ப்பது துப்பறிவாளனின் அறிவு அன்று, இறையருள்.

வேளாங்கண்ணி பற்றி வழங்கும் மரபுக்கதைகளிலும் இதே அமைப்பைக் காணலாம். புயலில் சிக்கிய போர்த்துக்கேய மாலுமிகள் மாதாவை வேண்டிக் கரைசேர்ந்தனர் என்பது அவற்றுள் ஒன்று. ஜோ டி குருசின் ஆழி சூழ் உலகு (2004) கடலில் தத்தளிக்கும் மூன்று மீனவர்களை வைத்துக் கதையைப் பின்னுகிறது. இங்கும் வேண்டுதல் உண்டு. ஆனால் அனைவரும் கரைசேர்வர் என்ற உறுதி வாசகருக்குத் தரப்படுவதில்லை. பழைய அருட்கதையும் புதிய புதினமும் வேறுபடும் இடம் இதுவே.

பதிப்பும் வாசிப்பும்

1818 இல் சென்னையில் தொடங்கப்பட்ட துண்டுப்பிரசுரச் சங்கமும், 1858 இல் தொடங்கி 1891 இல் பெயர் மாற்றம் பெற்ற கிறித்தவ இலக்கியச் சங்கமும் நீதிக்கதைகளையும் சமய நூல்களையும் வெளியிட்டன. இவற்றின் நூல்கள் பெரும்பாலும் சபை மக்களிடையே பரவின. புத்தம் வீடு, கடல்புரத்தில் போன்றவை பொதுவாசகருக்காக வெளிவந்து நவீன இலக்கிய வரிசையில் இடம்பெற்றன. இதனால் ஒரே வாழ்க்கையைப் பேசும் நூல்கள் இருவேறு அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன. சபை நூலகத்தில் பாமாவைத் தேடுபவரும், இலக்கியக் கடையில் நொறுங்குண்ட இருதயத்தைத் தேடுபவரும் ஏமாற நேரிடலாம்.

திறனாய்வு

சமய நோக்கம் கதையைப் பிரசாரமாக்கிவிடும் என்பது இவ்வகை மீது பொதுவாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. முடிவு முன்னரே தெரிந்துவிடுவதால் கதைமாந்தரின் தேர்வுகளுக்குப் பொருள் இல்லாமல் போகிறது என்பர். இதற்கு மாறாக, நம்பிக்கை உள்ளவர்களுக்குத் துயரத்தில் துணைநிற்கும் கதைகள் தேவை எனவும், உறுதியான முடிவு ஒரு குறை அன்று எனவும் வாதிடுவோர் உண்டு. ஞானசௌந்தரி பெற்ற வரவேற்பு பின்னைய கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

தமிழில் நிலைத்த புதினங்களில் நம்பிக்கை பரிசாக வருவதில்லை. வாழ்க்கைச் சூழலாக வருகிறது. கோயில் மணி, பங்குத்தந்தையின் அதிகாரம், திருமண ஓலை, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்பன போன்றவை கதைமாந்தரின் வாழ்வை முடிவு செய்கின்றன. திருச்சபையைக் கேள்வி கேட்கும் கருக்கு போன்ற நூல்களும் விவிலியத்தின் நீதியையே அளவுகோலாகக் கொள்கின்றன. ஆகவே அவற்றைச் சமய எதிர்ப்பு நூல்கள் என ஒதுக்குவது பொருந்தாது.

களங்களின் பரவலும் கவனிக்கத்தக்கது. தரங்கம்பாடி, மாயூரம் வட்டாரத்தில் தமிழ் அச்சு வேரூன்றியது, தமிழ்ப் புதினம் தொடங்கியது. ஆனால் கிறித்தவர் வாழ்க்கையை நேரடியாகக் கூறிய மேற்கண்ட புதினங்கள் பலவற்றின் களங்கள் மணப்பாடு, பாளையங்கோட்டை, தூத்துக்குடி, குமரி எனத் தெற்கிலும், யாழ்ப்பாணத்திலும் அமைந்தன. பிரெஞ்சு ஆட்சி, டேனியர் அச்சகம், வேளாங்கண்ணி யாத்திரை, ஒரே தெருவில் மூன்று சமயத்தார் வாழும் வழக்கம் ஆகியவற்றைக் கொண்ட காரைக்கால் கரையோரம், இவ்வகைப் புனைகதைக்கு வளமான களமாகும்.

குறிப்பிடத்தக்க ஆக்கங்கள்

- பிரதாப முதலியார் சரித்திரம் (1879), ச. வேதநாயகம் பிள்ளை
- ஊசோன் பாலந்தை கதை (1891), எஸ். இன்னாசித்தம்பி
- நொறுங்குண்ட இருதயம் (1914), மங்களநாயகம் தம்பையா
- கிளாரிந்தா (1915, ஆங்கிலம்), அ. மாதவையா
- புத்தம் வீடு (1964), ஹெப்சிபா ஜேசுதாசன்
- கடல்புரத்தில் (1977), வண்ணநிலவன்
- கருக்கு (1992), பாமா
- கோவேறு கழுதைகள் (1994), இமையம்
- சிலுவைராஜ் சரித்திரம் (2002), ராஜ் கௌதமன்
- ஆழி சூழ் உலகு (2004), ஜோ டி குருஸ்

இவற்றையும் பார்க்கவும்

- தமிழ்ப் புதின வரலாறு
- வீரமாமுனிவர்
- தரங்கம்பாடி
- காரைக்கால்
- தலித் இலக்கியம்
- ஈழத்துத் தமிழ்ப் புதினங்கள்